நாக்கில் நின்ற பேர்

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் கிருஷ்ணம்மா தன் புருஷன் பேரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. பிள்ளையின் பிறப்பைப் பதியப் போனபோது கூட வந்த பக்கத்து வீட்டு வேலம்மாவை முழங்கையால் இடித்துச் சொல்ல வைத்தாள். வாக்காளர் இடாப்பு எழுத வந்த கிராம சேவகர் கேட்டபோது சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தைக் காட்டினாள். படத்தைப் பார்த்து எப்படியம்மா பேர் எழுதுவது என்று அவர் சிரித்தார்.

பேர் அழகையா. அதனால் அவளுக்கு மற்றப் பெண்களைவிடச் சங்கடம் கூடுதல். 'அழகு' என்ற சொல்லையே தொட முடியாது. முன்பு தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து மருத்துவிச்சி ஒருத்தி, பிறந்த குழந்தைகளைத் தூக்கி 'வடிவு, வடிவு' என்று கொஞ்சுவாள். கிருஷ்ணம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அழகாக இருந்த பூவும் பிள்ளையும் சேலையும் அவளுக்கு மட்டும் வடிவாக இருந்தன.

இந்த ஒரு பேரைத் தவிர அவள் வாய்க்கு வேறு பூட்டு கிடையாது. எல்கடுவ மலையில் மூடுபனி இறங்கி முன்னால் நிற்கிற தேயிலைச் செடிகூடத் தெரியாத நாட்களிலும், எந்த நிரையில் கிருஷ்ணம்மா கொழுந்து பறிக்கிறாள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அஞ்சரை மணியைப் போல, அவள் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஈர விறகு புகைந்தது. மகள் ரஜனி அம்மியில் கட்டச் சம்பல் அரைத்தாள்.

"உப்பப் பாத்துப் போடு புள்ள. நேத்து கடலையே கொட்டிட்ட" என்றாள் கிருஷ்ணம்மா.

கொஞ்ச நேரத்தில் அவள் வலது கையிலிருந்த மாவு உருண்டை தானாக நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். கையையும் பார்த்தாள். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து தங்கள் கையை அவள் மடியில் போட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. வலி ஒன்றும் இல்லை. 'ரஜனி, மாவு விழுந்துருச்சு பாரு' என்று சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். வெளியே வந்தது வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு கொழகொழப்பு.

ரஜனி திரும்பினாள். அம்மாவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

ரஜனி தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். பிள்ளைகளை நிறுக்க வருகிற குடும்பநல மாது போன மாதம்தான் பெற்றோரை உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள்: முகம் கோணுதா, கை இறங்குதா, பேச்சு குழறுதா, இதில் ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்துக்கொண்டு ஓடுங்கள் என்று.

"அம்மா, சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை மேலே போனது. வலது கை கொஞ்சம் எழும்பி, முந்தானை நழுவுவதைப் போல இறங்கிவிட்டது.

"அப்பா! ஓடிப்போய் ஜெயக்காந்தன் அண்ணன்கிட்டச் சொல்லுங்க, த்ரீவீல எடுக்கச் சொல்லி!"

அழகையா பல் விளக்கிய கரியோடு உள்ளே வந்தார். "என்னா புள்ள, நேத்து மழையில நனைஞ்சா. குளிரு ஏறியிருக்கும். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு தேத்தண்ணி…"

"தேத்தண்ணி குடுக்காதீங்க. தொண்டையில எறங்காது. இது பாரிசவாதம்."

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து வேலம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி! வாதமா? அப்பன்னா ஆஸ்பத்திரிக்கு எதுக்கு? வத்தேகமப் பக்கம் ஒரு வெதமாத்தயா, நாட்டு வைத்தியரு, இருக்காரு. எண்ணெ போட்டு ஒரே உருவு. நம்ம பெரியம்மா எழும்பி நடக்கல?"

"அவங்க ஆறு மாசங் கழிச்சு நடந்தாங்க அத்தே. இது இப்ப வந்தது. மூளைக்கு ரத்தம் போகல. ஒவ்வொரு நிமிசமும் போயிக்கிட்டு இருக்கு." ரஜனி சுவர் மணிக்கூட்டைப் பார்த்து உள்ளங்கையில் பேனையால் 5.35 என்று எழுதிக்கொண்டாள்.

அந்த எண்தான் பிறகு பெரிதாகப் போயிற்று. மாத்தளை டவுனில் ஆஸ்பத்திரி டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, கடைசியாக எத்தனை மணிக்கு இவர் நன்றாக இருந்தார் என்பதுதான். ரஜனி உள்ளங்கையை நீட்டினாள். மழையில் நனைந்தும் அழியாமல் இருந்தது. உடனே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்குழாய் வெடித்துக் கசியவில்லை, அடைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மருந்து ஏற்றினார்கள். வெடிப்புக்கு ஒரு மருந்து, அடைப்புக்கு வேறு மருந்து. பார்க்காமல் கொடுத்தால் விஷம்.

இதையெல்லாம் சிங்களத்தில் டொக்டர் சொல்ல, அடுத்த கட்டிலில் தன் மாமிக்குத் துணையாக இருந்த ஜெஸ்லா, கேட்காமலே தமிழாக்கினாள். ஜெஸ்லாவுக்கு மாத்தளை டவுனிலேயே வீடு. முக்காட்டுக்குள்ளிருந்து அவள் முகம் எப்போதும் யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டே இருந்தது.

"ஒங்கட லயத்துக்கு மலையில இருந்து பைப்புல தண்ணி வருதுதானே? அதுல எல சருகு அடைச்சா என்ன ஆகும்? அதுக்கு அங்கால ஈக்குற ஊட்டுக்கெல்லாம் தண்ணி இல்ல. அந்த மாதிரியாம். இடப்பக்க மூளையில அடச்சி ஈக்காம். அங்கதான் வலக் கையும் பேச்சும் ஈக்குதாம். டொக்டர் பைப்புன்னு சொல்லல்ல. அது நான் போட்டது."

"பிறசர் குளிசை போட்டாங்களான்னு கேக்குறாரு" என்றாள் அடுத்தபடியாக.

அழகையாவுக்குத் தெரியவில்லை. ரஜனிக்குத் தெரியும். கிளினிக்கில் கொடுத்த குளிசையை அம்மா தலை வலிக்கிற நாளில் மட்டும் போட்டுக்கொள்வாள். மீதியைச் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைப்பாள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. வெத்திலையும் புகையிலையும் வேறு.

டொக்டர் தலையை ஆட்டினார். "பிறசர் வலிக்காது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவரே சொன்னார். "வலிக்காது. அதுதான் பிரச்சினை."

கிருஷ்ணம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். விளங்கியது, விளங்காமலும் போனது. பேச்சு வேகமானால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஆனால் மகளின் முகமும், கட்டிலின் கால்பக்கம் நனைந்த பூனை மாதிரி நின்ற புருஷனின் முகமும் நன்றாகவே விளங்கின.

இரண்டாம் நாள் பகல் அவளுக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்க வேண்டும். 'தண்ணி' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல் அங்கேதான் இருந்தது. அதை நாக்குக்குக் கொண்டுவரும்போதுதான் ஏதோ ஆயிற்று. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் வரிசையாக நிற்கும்போது ஒருத்தி மட்டும் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து தன் கூடையை வைப்பாளே, அப்படி வேறொரு சொல் முந்திக்கொண்டு வந்து வாயைத் திறந்தது.

"அழகையா."

தெளிவாக வந்தது. குழறல் இல்லை. ரஜனியின் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது. அழகையா திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

கிருஷ்ணம்மாவுக்கு உடம்பெல்லாம் சூடாயிற்று. இல்லை, தண்ணி, தண்ணி.

"அழகையா, அழகையா!"

"இந்தா இருக்கேன் புள்ள!" அவர் பாய்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நான் எங்கயும் போகல. இங்கதான் நிக்கிறேன்."

அப்போது அங்கே வந்த நர்ஸ் மிஸ்ஸி அந்த வார்த்தையின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். நோயாளி அண்ணனைத் தேடுகிறாள் என்று நினைத்து அழகையாவைப் பார்த்து, "ஐயா, நங்கி அண்டகஹனவா" என்றாள்.

ஜெஸ்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தங்கச்சி கூப்பிடுறாளாம், போங்க. ஒங்கள அவங்கட நானாண்டு நெனச்சிட்டாங்க."

"ஐயோ மிஸ்ஸி! அண்ணன் இல்ல! மஹத்தயா! புருசன்!" அழகையா நெஞ்சில் தட்டிக்கொண்டார். "அது என் பேரு!"

மிஸ்ஸிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வார்டே சிரித்தது. கிருஷ்ணம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தாகம் அப்படியே இருந்தது.

ஒன்பது நாள் அங்கே இருந்தாள். தண்ணீருக்கும் அழகையா, கழிப்பறைக்கும் அழகையா, போதும் என்பதற்கும் அழகையா. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவர் ஒவ்வொரு தடவையும் எழும்பி ஓடினார். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, "கூப்பிட்டியா?" என்று கேட்டார். அவர் நடையில் ஒரு மிடுக்கு ஏறியிருந்ததை ரஜனி கவனித்தாள். சட்டையைக்கூட உள்ளே விட்டுக்கொண்டு வரத் தொடங்கியிருந்தார்.

அந்த மிடுக்கைப் பேச்சுப் பயிற்சி மிஸ்தான் இறக்கி வைத்தாள். சின்னப் பெண், பேர் தினுஷா. புத்தகத்தில் படித்த தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"ஐயா, அம்மா உங்களைக் கூப்பிடவில்லை. அவருக்கு எல்லாச் சொல்லும் உள்ளே இருக்கிறது. வெளியே வருகிற வழியில் ஒரு சொல் மட்டும் நிற்கிறது. சிலருக்கு அப்படி ஆகும். ஒருவருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் இருந்தது. பஸ் கொண்டக்டர் ஒருவருக்கு 'போவோம் போவோம்' மட்டும் இருந்தது."

"அப்ப…" அழகையா தொண்டையைச் செருமினார். "அப்ப என்னைய இல்லையா?"

"தண்ணி கேட்டிருக்கலாம். சோறு கேட்டிருக்கலாம்."

"ஏன் மிஸ் என் பேரு மட்டும் நிக்கிது?"

"அது எங்களுக்கும் சரியாகத் தெரியாது" என்றாள் தினுஷா.

கிருஷ்ணம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் தெரியும். கல்யாணமான முதல் வருஷம், பத்தொன்பது வயதில், மலையில் கொழுந்து பறிக்கும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். அ, ழ, கை, யா. நாலு எழுத்துக்கு நாலு கிள்ளு. ஒரு நிரை முடிவதற்குள் நூறு தடவை, இருநூறு தடவை. சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியது வாய்க்குத்தானே, கைக்கு இல்லையே. பிறகு ரஜனி பிறந்தாள், விளையாட்டு மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கை அசையாமல் கிடக்க, அது வைத்திருந்த சொல் வாய்க்கு ஏறிவிட்டதோ என்று தோன்றியது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னாலும் 'அழகையா' என்றுதான் வரும்.

போகும் நாளில் தினுஷா ரஜனியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். முதல் மூன்று மாதம் முக்கியம். எந்தச் சொல் வந்தாலும் வரட்டும், பேச விடுங்கள். வாயை மூடிக்கொண்டால்தான் ஆபத்து.

லயத்துக்கு வந்த அன்றைக்கே எல்லோரும் பார்க்க வந்தார்கள். வாழைப்பழமும் மாரி பிஸ்கட்டும் மேசையில் குவிந்தன. கிருஷ்ணம்மாவைச் சாய்வாக உட்கார வைத்திருந்தார்கள்.

"என்னாடி கிருஷ்ணம்மா, எப்படி இருக்க?" என்றாள் வேலம்மா.

"அழகையா."

"அடிப்பாவி! முப்பத்தெட்டு வருசமா பூட்டி வச்சத இப்ப ஒரே அடியாக் கொட்டுறியா? கொஞ்சம் எங்களுக்கும் மிச்சம் வையி!"

நல்ல மனசோடு சொன்ன கேலிதான். எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி வந்து, வேலைக்கு எப்போது வருகிறாய் என்று விளையாட்டாகக் கேட்டபோதும் அழகையா. அடுத்த நாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது, அழகையாவின் முறை வந்ததும் இருபது பேர் சேர்ந்து 'அழகையா' என்று குரல் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பிள்ளையார் கோயில் பூசாரி வீட்டுக்கே திருநீறு கொண்டுவந்தார். "சாமிய நெனச்சுக்கம்மா" என்றார். கிருஷ்ணம்மா கண்ணை மூடிப் பக்தியோடு, "அழகையா" என்றாள். பூசாரியாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

வேண்டியதை இடது கையால் காட்டினாள். காட்ட முடியாததை வேண்டாமென்று விட்டாள். ரஜனி ஒன்று, ரெண்டு எண்ணச் சொன்னால் தலையை ஆட்டினாள். படம் காட்டினால் கண்ணை மூடினாள். ஆறு நாள். மழை தகரத்தில் இரைந்துகொண்டே இருந்தது. அவளுடைய சத்தம் இல்லாத அந்தக் காம்பராவில் மழைச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது.

ரஜனி தினுஷாவுக்குப் போன் எடுத்து அழுதாள். போனை வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். "மிஸ் சொல்றாங்க, பேசாமலே விட்டா உள்ள இருக்கிறதும் துருப்புடிச்சிருமாம். அம்மாவுக்கு முடியாம இல்லப்பா. வெக்கத்துல இருக்காங்க. அந்தப் பேரு வந்துருமோன்னு பயப்படுறாங்க."

அழகையா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வெகு நேரம் தீட்டினார். தன் பேர் தன் பெண்சாதிக்கு ஒரு வியாதியாகிப் போனதே என்று இருந்தது அவருக்கு. அது தன்னைக் கூப்பிட்டதல்ல என்று தெரிந்த பிறகும், அந்த ஒன்பது நாள் ஜன்னலுக்கு வெளியே நின்றதை அவரால் வெறுமையாக நினைக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரஜனி சாமான் வாங்க எல்கடுவைக்குப் போயிருந்தாள். அழகையா தானே தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுட்டார். அது வட்டமாக வரவில்லை. ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் மாவாக, இலங்கைப் படம் மாதிரி நீண்டிருந்தது. அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார்.

"கிருஷ்ணம்மா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். 'இந்தா' என்பார், 'புள்ள' என்பார், பிள்ளை பிறந்த பிறகு 'ரஜனிம்மா' என்பார். அவரும் அவள் பேரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அவர் தட்டை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். புருவத்தை உயர்த்தி, ரொட்டி வேணுமா என்கிற மாதிரி, "கிருஷ்ணம்மா?"

அவள் முகத்தைத் திருப்பினாள். அவர் விடவில்லை. சம்பல் கிண்ணத்தைக் காட்டி, "கிருஷ்ணம்மா." காரம் என்கிற மாதிரி நாக்கை நீட்டி விசிறிக்கொண்டு, "கிருஷ்ணம்மா!" ரொட்டியின் கருகிய பக்கத்தைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, அழுகிற குரலில், "கிருஷ்…ணம்மா…"

வாசலில் கோழி ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. அவர் திரும்பிக் கையை ஓங்கி, "கிருஷ்ணம்மா! கிருஷ்ணம்மா!" என்று விரட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. ஒரு பக்க வாய் முதலில் சிரித்தது. மற்றப் பக்கம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ரொட்டியைக் காட்டி, இது என்ன கண்றாவி என்கிற மாதிரி, ஆறு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அழகையா?"

"கிருஷ்ணம்மா" என்றார் அவர் பெருமையாக. நான்தான் சுட்டேன்.

"அழகையா!" உவ்வே.

"கிருஷ்ணம்மா, கிருஷ்ணம்மா." பேசாமல் தின்னு.

ரஜனி நனைந்த குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, அம்மாவும் அப்பாவும் ஒருத்தர் பேரை ஒருத்தர் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. வாயோரம் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. ரஜனி வாசலிலேயே சாமான் பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

இந்த விளையாட்டு ஒரு வாரத்தில் லயம் முழுக்கப் பரவியது. வேலம்மா தண்ணீர்க் குழாயடியில் புருஷனைக் கூப்பிட அவன் பேரைப் போட்டுக் கத்தினாள். "என்னாடி, ஒனக்கும் வாதமா?" என்று அவன் கேட்டான். "எனக்கு வாயி நல்லாத்தான் இருக்கு, ஒனக்குத்தான் காது வாதம்" என்றாள் வேலம்மா. ஆண்கள் பேர் லயத்தில் இப்படித் தாராளமாக ஒருநாளும் புழங்கியதில்லை. கிருஷ்ணம்மாவுக்கு வெட்கம் குறைந்தது. எல்லோரும் அழுக்காகி விளையாடும்போது தன் உடுப்பு மட்டும் தனியாகத் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

வாய் திறந்த பிறகு பயிற்சி நடந்தது. காலையும் மாலையும் ரஜனி கிண்ணத்தில் கோதுமை மாவைக் குழைத்து வலது கையில் கொடுத்தாள். அதைப் பிசைந்துகொண்டே எண்ண வேண்டும். எண்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு பத்துவரை வந்தன. அதே வாயால் 'மாவு' என்று மட்டும் சொல்ல வரவில்லை. அழகையா தேங்காய் துருவியைத் தூக்கிப் பிடித்து முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பார்.

"து…"

"அழகையா."

"அழகையா துருவுனா விரலுதான் போகும். து… ரு…"

பிறசர் குளிசையை இப்போது அவரே கையில் கொடுத்து, அவள் விழுங்குகிறவரை முன்னால் நின்றார். கருவாடு காம்பராவுக்குள் வருவது நின்றது. புகையிலைப் பொட்டலத்தை வேலம்மாவிடம் கொடுத்தார். "நீயும் போடாத" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவள் போட்டாள்.

கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள், மூன்றாம் காம்பராப் பெண் தன் முதல் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வந்து காட்டினாள். தலை நிறைய முடியோடு, கையை முறுக்கிக்கொண்டு தூங்குகிற பெண் குழந்தை. கிருஷ்ணம்மா குனிந்து வெகு நேரம் பார்த்தாள். உதடு குவிந்தது. அதே பழைய சொல் வரப்போகிறது என்று எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"வ…" என்றாள். நின்றாள். மூச்சை இழுத்தாள். "வடி… வடிவு."

ரஜனி வீல் என்று கத்தியதில் குழந்தை விழித்து அழுதது. அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். குழந்தைக்காரியையும் கட்டிப் பிடித்தாள். வேலம்மா சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா! அழகுன்னு சொல்ல மாட்டேங்குறா! புத்தி எங்கயும் போகல இவளுக்கு!" என்றாள்.

கிருஷ்ணம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே எங்கேயோ அவள் அப்படியே இருந்தாள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பார்த்து நடக்கிற அந்தப் பெண் எங்கும் போய்விடவில்லை.

அதற்குப் பிறகு மழை விட்டு வெயில் வருவது போலச் சொற்கள் வந்தன. தண்ணி. சூடு. போதும். ஒரு நாள் வேலம்மாவைப் பார்த்து, "எரு… எருமை" என்றாள். அதற்கு லயமே கை தட்டியது. பொங்கலுக்குள் இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்து வைக்கப் பழகியிருந்தாள். இடையில் நின்று தேடுவாள். தேடினால் கிடைத்தது.

ஒரு சாயந்தரம் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த அழகையாவுக்குச் சட்டென்று உறைத்தது. அவள் தன் பேரைச் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நான் யாரு, சொல்லு பாப்போம்."

கிருஷ்ணம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் குறும்பு ஏறியது. "ரஜனி… அப்பா."

"அது சரி. பேரு?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு, காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, குசினிக்குள் போய்விட்டாள். அழகையா சிரித்தார். சிரித்துவிட்டுத் தேத்தண்ணியை மறந்து, ஆறவிட்டு, பிறகுதான் குடித்தார்.

தை கடைசியில் மூன்று மாதக் கிளினிக். மூன்று பேரும் காலை பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்கினார்கள். தினுஷா மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் குறித்தாள்.

"உங்கள் பெயர் என்ன?"

"கிருஷ்… ணம்மா."

"எந்த ஊர்?"

"எல்கடுவ. மேக்கணக்கு."

தினுஷாவின் முகம் மலர்ந்தது. சமையல் நடக்கிற படத்தைக் காட்டினாள். கிருஷ்ணம்மா "குசினி" என்றாள். சீப்பு, குடை, பூட்டு எல்லாம் வந்தன. பூட்டுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மிக நல்லது. கணவர் பெயர் என்ன?"

கிருஷ்ணம்மா பேசவில்லை.

தினுஷா காத்திருந்தாள். கேள்வியை மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள். கிருஷ்ணம்மா தலையைக் குனிந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வலது கையால் வைத்தாள் என்பதை ரஜனி மட்டும் கவனித்தாள்.

தினுஷாவின் முகத்தில் கலவரம் தெரிந்தது. "இந்தச் சொல்தான் முதலில் இருந்தது. இது போய்விட்டதா? மறுபடியும் ஏதாவது அடைப்பு…" பேனை தாளை நோக்கிப் போனது.

"எழுதாதீங்க மிஸ்!" அழகையா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். "அது போகல! எங்க பக்கம் பொம்பளைங்க புருசன் பேரச் சொல்ல மாட்டாங்க. இவ பழைய மாதிரி ஆயிட்டா!"

"ஆமா மிஸ்" என்றாள் ரஜனி. "எங்கம்மா முன்னால ஒரு நாளும் சொன்னதே இல்ல. நோய்லதான் சொன்னாங்க."

தினுஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனையைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். "நான் நம்புகிறேன். ஆனால் நீங்கள் சொல்லி நான் எழுத முடியாதே. சொல்ல வராமல் இருப்பதும், சொல்லாமல் இருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். அம்மாதான் எனக்குச் சொல்ல வேண்டும்." மேசைக்கு மேலாகக் குனிந்து, கிருஷ்ணம்மாவின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, முடியவில்லையா?"

கிருஷ்ணம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

முடியல. இந்த மூன்று மாதமும் அவளைச் சுற்றி எல்லோரும் சொன்ன சொல் அது. கை முடியல, நடக்க முடியல, பேச முடியல, பாவம் அவளுக்கு முடியல. அது அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சொன்னால் உடனே வந்துவிடும். அந்தப் பேரும் நாக்கின் நுனியில்தான் இருந்தது. அ, ழ, கை, யா. நாலு கிள்ளு. அதுவும் வந்துவிடும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பின்னால் நின்ற ஒன்றைத் தேடினாள். நெற்றி வேர்த்தது. அழகையா தன்னை அறியாமல் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். கிருஷ்ணம்மா இடது கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள்.

"மா…" என்றாள். "மாட்… டேன்."

பிறகு அது தனக்கே பிடித்துப்போனது போல, தினுஷாவைப் பார்த்து, இந்தத் தடவை உடையாமல் சொன்னாள்.

"மாட்டேன்."

தினுஷா அதை எழுதினாள். எழுதி முடித்துத் தலையைத் தூக்கியபோது அவள் கண் ஈரமாக இருந்தது. அறைக்கு வெளியே பாய்ந்துவிட்ட அழகையா, நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத சனத்திடம், "என் பேரச் சொல்ல மாட்டேன்னுட்டா! கேட்டீங்களா? மாட்டேன்னுட்டா!" என்று சொல்லிக்கொண்டு போவது கேட்டது.